கூகுளின் மேனேஜர் ஃபீட்பேக் படிவம்: இலவசம்தான், ஆனால் அப்படியே எடுத்துப் போடாதீர்கள்

தன்னைப் பற்றி டீம் என்ன நினைக்கிறது என்பது கடைசியாகத் தெரியவரும் ஆள் பெரும்பாலும் அந்த மேனேஜர்தான். நேரில் கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் போகுது சார்" என்ற பதிலைத் தாண்டி ஒன்றும் வராது. இந்த இடைவெளியை நிரப்ப ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் 360 டிகிரி (மேலே, கீழே, பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரிடமும் கருத்துக் கேட்கும்) மென்பொருள்கள் நிறைய உண்டு. ஆறேழு பேர் கொண்ட டீமுக்கு அவ்வளவு தேவையில்லை. கூகுள், ஆட்களை நிர்வகிப்பது பற்றிய தன் ரீவொர்க் (re:Work) தளத்தில் இலவசமாகக் கொடுத்திருக்கும் மேனேஜர் ஃபீட்பேக் படிவம் போதும். சில திருத்தங்கள் மட்டும் கட்டாயம்.

படிவத்தின் பின்கதை சுவாரஸ்யமானது. 2002-இல் கூகுள் தன் இன்ஜினியரிங் பிரிவில் மேனேஜர்களையே எடுத்துவிட்டுப் பார்த்தது. செலவுக் கணக்கு, ஆட்களுக்கிடையே சண்டை என எல்லாம் நேராக கூகுளின் இணை நிறுவனர் லாரி பேஜிடம் போக, சில மாதங்களிலேயே அந்தச் சோதனை முடிந்தது. மேனேஜர்களால் உண்மையில் பயன் உண்டா என்று அலச 2008-இல் 'புராஜெக்ட் ஆக்சிஜன்' தொடங்கியது. நல்ல மேனேஜரின் எட்டுக் குணங்களை அது பட்டியலிட்டது. தொழில்நுட்ப அறிவு அதில் கடைசி இடம். 2018-இல் பட்டியல் பத்தானது. படிவத்தின் கேள்விகள் அந்த ஆய்விலிருந்து வந்தவை.

மொத்தம் 13 கேள்விகள். 11 கேள்விகளுக்கு 1 (கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை) முதல் 5 (முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன்) வரை மதிப்பெண். மீதி இரண்டும் எழுதிச் சொல்பவை: இவர் எதைத் தொடர வேண்டும், எதை மாற்ற வேண்டும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பெரும்பாலான கேள்விகள் கண்ணால் பார்க்கக்கூடிய செயலைப் பற்றியவை என்பதுதான் இதன் பலம். "நல்ல தலைவரா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், கடந்த ஆறு மாதத்தில் உங்கள் வேலை வளர்ச்சியைப் பற்றி உருப்படியாகப் பேசினாரா என்று கேட்கிறது. முகத்தாட்சண்யத்துக்கு இதில் இடம் குறைவு.

தமிழில் மாற்றும்போது ஒரு கேள்வி இடறும். மேனேஜர் சின்னச் சின்ன விஷயத்தில் தலையிடுவதில்லை என்பதை 'இல்லை' போட்டு எழுதினால், "முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன்" என்பது பாராட்டா புகாரா என்று பாதிப் பேர் குழம்புவார்கள். "என்னிடம் ஒப்படைத்த வேலையை என் போக்கில் செய்ய விடுகிறார்" என்று எழுதுங்கள்.

பெரிய குறை, நேர்மையைப் பற்றி நேரடிக் கேள்வி ஒன்றுகூட இல்லை. தப்பு செய்தால் ஒப்புக்கொள்கிறாரா, கெட்ட செய்தியை அவரிடம் உடனே சொல்ல முடிகிறதா, இரண்டையும் சேர்த்துவிடுங்கள். கிளையன்ட் கத்திய பிறகுதான் மேனேஜருக்கு விஷயம் தெரிகிறது என்றால், இரண்டாவது கேள்வியின் மதிப்பெண் அதை முன்பே காட்டிக்கொடுத்திருக்கும்.

கூகுள் ஃபார்ம்ஸில் போடுபவர்கள் ரகசியத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். செட்டிங்ஸில் இமெயில் சேகரிப்பை நிறுத்துங்கள். ஒருவருக்கு ஒரு பதில் என்ற கட்டுப்பாட்டையும் எடுத்துவிடுங்கள். அது லாகின் கேட்கும், மேலே தன் ஐடி தெரிந்ததுமே ஆள் எல்லாவற்றுக்கும் 5 போட்டுவிடுவார். பதில்கள் சேரும் ஷீட்டில் முதல் நெடுவரிசை, பதில் வந்த நேரத்தைக் காட்டும். மதியம் 3:10-க்கு யார் சீட்டில் இருந்தார் என்று டீமில் எல்லோருக்கும் தெரியும், எனவே அது மேனேஜர் கைக்குப் போகவே கூடாது. படிவம் எச்.ஆர். கணக்கில் இருக்கட்டும். கேள்வி வாரியான கணக்கை மட்டும் கொடுங்கள். எழுத்தில் வந்த கருத்துகளை வரிசை கலைத்து, ஒருவரின் நடை காட்டிக்கொடுக்கும் இடங்களைச் சுருக்கித் தாருங்கள். ஐந்து பேருக்குக் குறைந்த டீமில் இதைச் செய்யவே வேண்டாம். எவ்வளவு மறைத்தாலும் ஆள் தெரிந்துவிடும்.

சராசரியை நம்பாதீர்கள். ஆறு பேரில் நான்கு பேர் 5, இரண்டு பேர் 2 போட்டாலும் சராசரி 4. ஆறு பேருமே 4 போட்டாலும் அதே 4. முதல் டீமில் இரண்டு பேர் ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள், சராசரி அதை மூடி மறைக்கிறது. எந்த எண்ணை எத்தனை பேர் போட்டார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கூகுள் படிவத்தில் இல்லாத ஒரு படியை நாங்கள் வலியுறுத்துவோம். முடிவைப் பார்க்கும் முன், அதே கேள்விகளுக்கு டீம் என்ன போடும் என்று மேனேஜர் தனியாக எழுதி வைக்க வேண்டும். ஒரு புள்ளிக்கு மேல் வித்தியாசம் வரும் கேள்வியில்தான் அவர் தன்னை அறியாமல் இருக்கிறார். குறைந்த மதிப்பெண்ணை விட இந்த வித்தியாசத்தில்தான் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது.

இரண்டு வாரத்துக்குள் டீமைக் கூட்டிப் பேசவில்லை என்றால் அடுத்த தடவை யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் "அப்போ டெட்லைன் இருந்துச்சு, அதனாலதான்" என்று தொடங்கினாலும் அதே கதிதான். இப்படிப் பேசலாம்: "ரிவ்யூவில் நானே முதல்ல கருத்து சொல்லிடறதால உங்களால பேச முடியலைன்னு வந்திருக்கு. இனிமே நான் கடைசியாத்தான் பேசுவேன். மறந்துட்டா அங்கேயே நிறுத்திச் சொல்லுங்க." ஒரே ஒரு மாற்றம், எல்லோரும் சரிபார்க்கக்கூடியது. ஐந்து வாக்குறுதி கொடுத்தால் ஒன்றும் நடக்காது.

இந்த மதிப்பெண்ணை அப்ரைசலிலோ இன்கிரிமென்ட்டிலோ சேர்க்காதீர்கள். கூகுளும் இதை வளர்ச்சிக்கான கருவியாகத்தான் தனியே வைத்திருக்கிறது. பணத்தோடு முடிச்சுப் போட்டால், படிவம் வரும் வாரத்தில் மேனேஜர் டீமுக்கு பிரியாணி வாங்கித் தருவார், எண்களும் அழகாக வரும். ஆறு மாதம் கழித்து அதே கேள்விகளை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் திரும்ப அனுப்புங்கள். வார்த்தை மாறினால் பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிட முடியாது.