140 ரூபா யூரின் பாட்: 8 மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

சிரிக்காதீங்க. மிக்ஸி, செல்போன், செருப்புன்னு எல்லாத்துக்கும் ரிவ்யூ போடுறாங்க, இதுக்கு ஒருத்தரும் போடல, கடைல நின்னு விசாரிக்கவும் கூச்சம். மெடிக்கல்ல கேட்டப்போ அந்தப் பையன் கடைக்கே கேக்குற மாதிரி "யாருக்கு அங்கிள், படுத்த படுக்கையா இருக்காங்களா"ங்கறான். எனக்குத்தான்டா, நின்னுக்கிட்டுதான இருக்கேன்னு சொல்ல முடியாம ஆமான்னுட்டு வந்துட்டேன்.

எனக்கு வயசு 71. 2018ல ப்ராஸ்டேட் கேன்சருக்கு ரேடியேஷன் எடுத்தேன், 37 சிட்டிங், வாரத்துக்கு 5 நாள். ஒவ்வொரு தடவையும் தண்ணி குடிச்சு மூத்திரப்பைய ரொப்பிட்டு வந்து படுக்கச் சொல்வாங்க, பை நிறைஞ்சா மேல ஏறிக்கும், கதிர் நெறைய படாதுன்னு. ஆனா ப்ராஸ்டேட் இருக்கறதே மூத்திரப்பை வாசல்ல, வாசல்ல அடிக்கிற வெயில் வீட்டுக்குள்ளயும் கொஞ்சம் வரத்தான செய்யும். பிஎஸ்ஏன்னு ப்ராஸ்டேட்டுக்குப் பாக்கற ரத்த டெஸ்ட் இருக்குல்ல, அது இறங்குச்சு, அம்புட்டுதான் முடிஞ்சதுன்னு இருந்தேன். 4 வருஷம் கழிச்சு ஒருநாள் காலைல போனா நன்னாரி சர்பத் கலர்ல வருது. வலியே இல்ல. மறுநாள் கட்டி கட்டியா ரத்தம் வந்து அடைச்சுக்கிட்டு சொட்டு கூட இறங்கல, கேஷுவாலிட்டிக்கு ஓடி, மூணு வழி ட்யூப் போட்டு ராத்திரி பூரா சலைன் விட்டு கழுவுனாங்க. அந்த அனுபவம் யாருக்கும் வேணாம், அடைச்சா வீட்ல தண்ணி குடிச்சுப் பாப்போம்னு உக்காந்துறாதீங்க, உடனே கெளம்பிருங்க.

ரேடியேஷன் சிஸ்டைட்டிஸ்னு சொன்னாங்க. பையில இருக்கற சின்ன ரத்தக் குழாயெல்லாம் கதிர் பட்டு மெல்ல மெல்ல அடைச்சுப் போகுமாம், இருக்கறதும் நொய்ஞ்சு போயி லேசா இழுத்தாலே கசியுமாம், பையும் இறுகிப் போயி விரியாது. நல்ல பை 400 மில்லிக்கு மேல பிடிக்கும், என்னுது 130, 150லயே விரட்ட ஆரம்பிச்சுரும். ராத்திரி 6 தடவ. எங்க வீட்ல பாத்ரூம் கொல்லைப்பக்கம், யூரினுக்குன்னு குடுத்த டாம்சுலோசின் மாத்திரைல சடார்னு எந்திரிச்சா கண்ண இருட்டும், ஒருநாள் படில விழுந்து முட்டி பேந்துருச்சு. அதுக்கப்புறம்தான் இந்த பாட் வாங்குனேன்.

மொதல்ல வாங்குனது பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு கடைல, வெள்ளை பிளாஸ்டிக், உள்ள ஒண்ணும் தெரியாது, மூடி பேருக்குத்தான். அத தூக்கிப் போட்டுட்டேன். இப்ப இருக்கறது கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு உள்ள தெரியும், 1 லிட்டர், கைப்பிடி இருக்கு, ஒரு பக்கம் தட்டையா இருக்கறதால கட்டில் மேல வச்சாலும் உருளாது. கட்டில் ஓரத்துல உக்காந்து போயிரலாம். மல்லாக்கப் படுத்துக்கிட்டே போகாதீங்க, பாதிக்கு மேல இருந்தா திரும்பி ஊத்தும், பெட்ஷீட் நாறிரும், பொண்டாட்டியும் சண்டைக்கு வருவா.

உள்ள தெரியறதுதான் இதுல பெரிய விஷயமே. வயசானவங்களுக்கு வாங்கற மாதிரி இதையும் வாங்காதீங்க, நம்ம கேஸ் வேற, நாம கலர் பாக்கணும். தண்ணி கலரா, டீ கலரா, ரோஸா, கட்டி இருக்கா. இதுக்கு இன்னொண்ணும் பண்ண வேண்டியிருந்துச்சு, எங்க ரூம்ல நீலக் கலர் ஜீரோ வாட் பல்பு, அதுல சிவப்பு எல்லாம் கருப்பாத்தான் தெரியும், ரெண்டு வாட்டி பயந்து எந்திரிச்சு பெரிய லைட் போட்டுப் பாத்தா ஒண்ணுமில்ல. வெள்ளை பல்பு மாத்துனப்புறம்தான் நிம்மதி. பீட்ரூட் பொரியல் சாப்ட்ட அன்னிக்கும் ஒரு கூத்து நடந்துச்சு, ஆஸ்பத்திரிக்குக் கெளம்பி சட்டையெல்லாம் போட்டப்புறம்தான் வீட்ல ஞாபகப்படுத்துனாங்க.

குறை என்னன்னா கோடு 100 மில்லில இருந்துதான் ஆரம்பிக்குது. சில தடவ 80 மில்லிதான் போறவனுக்கு அது எதுக்கு? டானிக் மூடியால தண்ணி அளந்து ஊத்தி 50, 75ன்னு பேத்தியோட நெயில் பாலிஷ்ல கோடு போட்டுக்கிட்டேன், இன்னும் அழியல. நான் 32 வருஷம் கண்டக்டரா இருந்தவன், கணக்கு எழுதாம இருக்க முடியாது, மணி, அளவு, கலர்னு 20 நாள் நோட்ல எழுதி டாக்டர்கிட்ட காட்டுனேன். அவரு அதப் பாத்துட்டுதான், அடிக்கடி விரட்டறத அடக்கக் குடுத்திருந்த சோலிஃபெனசின் மாத்திரைய நிப்பாட்டி, அதுக்கே வேற மாத்திரையான மிராபெக்ரான் குடுத்தாரு. பழைய மாத்திரைல வாய் காஞ்சு மலச்சிக்கல் உயிர் போச்சு, இதுல அது இல்ல, ஆனா பிபி அடிக்கடி பாக்கணும். இப்ப ராத்திரி 4 தடவதான். ஆக்சிஜன் ரூம்ல ஒன்றரை மணி நேரம் வச்சு எடுக்கற ட்ரீட்மெண்ட்டும் இருக்கு, 40 சிட்டிங் கிட்ட வரும், அதுக்கு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

டயப்பர் வேணாமான்னு கேப்பீங்க. பேண்ட் டைப் வச்சிருக்கேன், கல்யாணம் காட்சிக்குப் போனா வேட்டிக்குள்ள வெளிய தெரியாது, ஆனா உள்ள எல்லாம் ஜெல் ஆயிரும், லேசா ரத்தம் வந்தா சரியா தெரியாது, வெயில் காலத்துல தொடையும் புண்ணாகும். வீட்ல பாட், வெளிய டயப்பர், அதான் நம்ம ஏற்பாடு. பஸ்ஸ விட்டாச்சு, மெட்ராஸ் போனா வைகைதான், ட்ரெயின்ல பாத்ரூம் இருக்குல்ல. வண்டிய நிப்பாட்டச் சொல்ற பெருசுகள, கெளம்பும்போதே போயிட்டு வர்றதுக்கென்னன்னு எத்தன பேர திட்டியிருப்பேன்.

கழுவறதுக்கு பச்சத்தண்ணி, வாரம் ரெண்டு தடவ வினிகர் ஊத்தி அரை மணி நேரம் வச்சா அடில படியற வெள்ளையும் போயிரும், நாத்தமும் போயிரும். ப்ளீச் மட்டும் ஊத்தாதீங்க, யூரினோட சேந்தா நெடி ஏறி மூச்சு முட்டும், நான் ஒரு தடவ பட்டேன்.

5க்கு 4. கோட்டுக்கு அரை, மூடிக்கு அரை கொறைச்சிருக்கேன். போன வாரம் ஊருக்கு எடுத்துட்டுப் போற பையில வச்சுக்க இதே மாடல்ல இன்னொண்ணு வாங்குனேன், மூடி இதுலயும் கொஞ்சம் லூசுதான், ஒரு பாலித்தீன் கவர்ல கட்டி நிமித்தி வச்சுக்கோங்க.