சி.டி.ஆர்.ஐ. மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு: கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டிய தளம்

புதிய மருந்தின் பரிசோதனையில் சேரச் சம்மதமா என்று மருத்துவமனையில் கேட்கப்படும் எவரும், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் பார்த்துவிட வேண்டிய இணையச் சேவை, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தும் சி.டி.ஆர்.ஐ. (கிளினிக்கல் டிரையல்ஸ் ரெஜிஸ்ட்ரி–இந்தியா) பதிவேடு. 2007 ஜூலையில் தொடங்கப்பட்ட இதில் யாரும் கட்டணமின்றித் தேடலாம். மருந்துப் பரிசோதனைகளை இதில் பதிவது 2009 ஜூன் முதல் கட்டாயம். 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். முடிவு சாதகமானால் வெளியிடுவது, பாதகமானால் கிடப்பில் போடுவது என்ற பழக்கத்தை இந்த விதி ஓரளவு கட்டுப்படுத்தியிருக்கிறது.

ஒவ்வொரு பதிவிலும் ஆய்வுக்குப் பணம் தருபவர் யார், எத்தனை பேரைச் சேர்க்கப் போகிறார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள், எந்தெந்த மருத்துவமனைகளில் நடக்கிறது என்பவை வரிசையாக இருக்கும். பதிவு எண்ணுக்கு அருகிலேயே பதிந்த தேதியும் இருப்பதால், அதையும் முதல் நபர் சேர்ந்த தேதியையும் ஒப்பிட்டாலே பல விஷயங்கள் விளங்கிவிடும்.

இத்தளத்தின் அருமை 2020 ஜூலையில் தெரிந்தது. கோவாக்சின் தடுப்பூசியை ஆகஸ்ட் 15-க்குள் மக்கள் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் நோக்கத்துடன், சோதனையை விரைவுபடுத்துமாறு காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். உள்ளிட்ட 12 நிறுவனங்களுக்கு ஐ.சி.எம்.ஆர். கடிதம் அனுப்பியது, ஆனால் அதே தடுப்பூசிக்காக இப்பதிவேட்டில் இருந்த பதிவு, 1,125 பேரிடம் நடக்கவிருந்த ஆய்வுக்கு ஓராண்டு மூன்று மாதம் ஆகும் என்று மதிப்பிட்டிருந்தது. கடிதத்தையும் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்திரிகைகள் கேள்வி எழுப்ப முடிந்ததற்கு இந்தத் தளமே காரணம். தடுப்பூசியை உருவாக்குவதில் பங்குதாரராக இருந்த அமைப்பே பதிவேட்டையும் வைத்திருந்தது என்பது இதில் கவனிக்க வேண்டிய சங்கதி. அன்று பதிவு நேர்மையாக நின்றது என்றாலும், இத்தகைய பதிவேடு ஆராய்ச்சியில் பங்கில்லாத அமைப்பிடம் இருப்பதே முறை என்பது என் கருத்து.

பெரிய குறை, ஆய்வில் சேருவோரின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்த்து ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு பற்றிய பகுதியில் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், அவர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும், தலைவரும் வெளியாளே, சட்டம் தெரிந்தவர் ஒருவரும் பொதுமக்களில் ஒருவரும் கட்டாயம். பதிவேட்டிலோ குழுவின் பெயரும் ஒப்புதல் கிடைத்ததா என்ற குறிப்பும்தான் தென்படுகின்றன. வெளியாட்கள் யார், அவர்கள் என்ன ஆட்சேபம் எழுப்பினார்கள், ஒப்புதலுக்குப் பின் ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்த்தார்களா என்பதற்கெல்லாம் இடமே இல்லை. ஆந்திராவிலும் குஜராத்திலும் சிறுமிகளுக்கு எச்.பி.வி. (கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பு) தடுப்பூசி போட்டு நடத்தப்பட்டு 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்ட ஆய்வும் நெறிமுறைக் குழு ஒப்புதலோடு நடந்ததுதான்; பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தது பிறகுதான் வெளிவந்தது. காகிதத்தில் உள்ள ஒப்புதலை மட்டும் காட்டும் பதிவேடு இத்தகைய முறைகேட்டைக் காட்டிக்கொடுக்காது.

பதிவுகள் ஆங்கிலத்தில் இருப்பதால், படிக்கத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஒப்புதல் படிவத்தில் நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரம் இருந்தாக வேண்டும். பதிவில் விளங்காததை அவர்களிடமே கேளுங்கள்.