ஸோர்ட்ஸ் டு ப்ளவ்ஷேர்ஸ்: ஒரு வெள்ளை மானாவுக்கு இவ்வளவு பலமா?

மேஜிக்: தி கேதரிங் அட்டை விளையாட்டின் 1993ஆம் ஆண்டு முதல் பதிப்பிலேயே இடம்பெற்ற ஸோர்ட்ஸ் டு ப்ளவ்ஷேர்ஸ், எதிராளியின் உயிரினத்தை அகற்றும் மந்திர அட்டைகளுள் இன்றும் முன்வரிசையில் நிற்கிறது. அட்டைகளை ஆடத் தேவைப்படும் ஆற்றலான மானாவில், ஒரே ஒரு வெள்ளை மானாவைச் செலவிட்டு, எதிராளியின் முறையிலும்கூட இதனை ஆடலாம். குறிவைத்த உயிரினம் நாடுகடத்தப்படும், அதாவது ஆட்டத்தைவிட்டே ஒதுக்கி வைக்கப்படும்; அதனைத் தன்வசம் வைத்திருந்தவருக்கு அதன் தாக்கு வலிமைக்கு ஈடான உயிர்ப்புள்ளிகள் கிடைக்கும்.

அழிக்கும் மந்திரங்களினின்று இது வேறுபடும் இடம் நுட்பமானது. அழிந்த உயிரினம் கல்லறை எனப்படும் கழிவுக் குவியலுக்குச் செல்வதால், அங்கிருந்து அதனை மீட்கும் அட்டைகளும், இறக்கும்போதே பலன் தரும் உயிரினங்களும் பல உண்டு. இவ்விரண்டுக்கும் நாடுகடத்தல் இடமளிப்பதில்லை என்பதோடு, அழிக்க இயலாத தன்மை கொண்ட உயிரினமும் இதற்குத் தப்பாது. ஆனால் ஹெக்ஸ்புரூஃப் என்னும் பாதுகாப்புத் தன்மை பெற்ற எதிராளியின் உயிரினத்தைக் குறிவைக்கவே முடியாது.

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் நண்பர்கள் கூடி ஆடுவது பெரும்பாலும் தலைமை அட்டை ஒன்றைக் கொண்டு 40 உயிர்ப்புள்ளிகளில் தொடங்கும் கமாண்டர் வகை என்பதால், எதிராளிக்குப் பத்துப் புள்ளிகளை மொய் எழுதுவது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுவதில்லை. கமாண்டர் எனும் அந்தத் தலைமை அட்டையையே நாடுகடத்தினாலோ, அதன் உரிமையாளர் அதனை அதற்கென உள்ள கட்டளை மண்டலத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். மீண்டும் களமிறக்க 2 மானா கூடுதலாகும் என்பதே நமக்கு மிச்சம்.

2009இல் வந்த பாத் டு எக்ஸைல் இதே வேலையைச் செய்தாலும், எதிராளி மானா தரும் அடிப்படை நில அட்டை ஒன்றைத் தேடியெடுக்க வழிவிடுகிறது. ஆட்டத் தொடக்கத்தில் அது உயிர்ப்புள்ளிகளைவிடக் கொடிய பரிசு. கமாண்டருக்கு வெள்ளை நிற அட்டைக்கட்டு அமைப்போர் முதலில் ஸோர்ட்ஸ் டு ப்ளவ்ஷேர்ஸை வாங்கலாம். பலமுறை மறுபதிப்பானதால் பழைய பிரதிகளைத் தேடியலைய வேண்டியதில்லை.