சாட்ஸ்வொர்த் வீடும் இரண்டு வக்கீல்களும்: நான்கு வருட அனுபவம்

அப்பா காலமான பின், தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் வீடு என் பேருக்கு வந்தது. 2022-ல் அதை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டேன். ஒரு வருடம் தேதி தவறாமல் வந்த வாடகை பிறகு பாதியாகி, அப்புறம் நின்றேவிட்டது.

எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர்தான், வீட்டை என் பேருக்கு மாற்றித் தந்தவர். பத்திர வேலையைச் சுத்தமாக முடித்தவராயிற்றே என்று இதையும் அவரிடமே கொடுத்தேன். அது தப்பு. பத்திரம் மாற்றுவது வேறு, குடியிருப்பவரை வெளியேற்றும் வழக்கு வேறு. அவர் ஏழு நாள் கெடு வைத்துக் கடிதம் அனுப்பினார். எங்களுடையதோ இரண்டு வருட ஒப்பந்தம். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பாக்கியைக் கட்ட 20 வேலை நாள் கொடுத்த பிறகுதான் அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியும். அதோடு, விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்பே கோர்ட் அனுமதித்த அறிவிப்பு குடியிருப்பவருக்கும் மாநகராட்சிக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். டர்பனின் எதெக்வினி மாநகராட்சிக்கு ஒரு தாள்கூடப் போகவில்லை. வழக்கைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஐந்து மாத வாடகையும் வக்கீல் பணமும் போனது.

தைப்பூசத்தன்று கோயிலில் அத்தை மகளிடம் சொல்லி அழுதேன். வெளியேற்ற வழக்குகளையே அன்றாடம் நடத்தும் ஒரு பெண் வக்கீலிடம் அவள்தான் அழைத்துப்போனாள். போவதற்கு முன், அவருக்கு அந்த வருடத்து ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டேன். நம் பணம் அவருடைய டிரஸ்ட் கணக்கில் (கட்சிக்காரர் பணத்தைத் தனியாக வைக்கும் கணக்கு) இருக்கும்போது திருடுபோனால் ஈடு கேட்க அந்த நிதிதான் வழி. சான்றிதழை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும்.

முதல் சந்திப்பில் அவர் கேள்விதான் கேட்டார். ஒப்பந்தம் எங்கே? டெபாசிட் எந்தக் கணக்கில் இருக்கிறது? வீட்டில் குழந்தைகள், வயதானவர்கள் எத்தனை பேர்? கடைசிக் கேள்வி எனக்கு எரிச்சலாக இருந்தது. சட்டவிரோத வெளியேற்றத்தைத் தடுக்கும் 1998-ஆம் ஆண்டின் 'பை' (PIE) சட்டப்படி மாஜிஸ்திரேட் அதையெல்லாம் பார்த்துத்தான் உத்தரவு போடுவார் என்று விளக்கினார். டெபாசிட்டை நான் வட்டியில்லாத கணக்கில் வைத்திருந்தேன். "அதை முதல்ல வட்டி வர்ற கணக்குக்கு மாத்துங்க ஆன்ட்டி, வட்டி அவங்களுக்குச் சேர வேண்டியது" என்றார். லைட்டை வெட்டிவிடலாம், பூட்டை மாற்றிவிடலாம் என்று என் கொழுந்தனார் சொன்னதையும் கேட்டேன். கோர்ட் உத்தரவு இல்லாமல் ஒருவரை வீட்டைவிட்டு வெளியேற்றினால் நான்தான் குற்றவாளி ஆவேன் என்று தெளிவாகச் சொன்னார். முந்தைய வக்கீல் இதில் ஒன்றையும் என்னிடம் கேட்டதில்லை.

மாஜிஸ்திரேட் பள்ளிப் பருவம் முடியும்வரை அவர்களுக்கு அவகாசம் கொடுத்தார். அது நியாயம்தான், இரண்டு சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரிஃப் வருவதற்கு முன் அவர்களே காலி செய்தார்கள். பாக்கியில் ஒரு பகுதிதான் வந்தது.

குறையும் உண்டு. ஃபோனில் பிடிப்பது கஷ்டம், கட்டணமும் அதிகம். அதனால் அவருடைய கட்டணம், ஷெரிஃப் செலவு இரண்டையும் தனித்தனியாக எழுத்தில் முன்கூட்டியே வாங்கிக்கொண்டேன். நீங்களும் அப்படியே வாங்குங்கள்.

ஆனாலும் அடுத்து குடியிருந்தவர் காலி செய்தபோது டெபாசிட்டில் தகராறு வந்ததும் அவரிடம்தான் ஓடினேன். "இதுக்கு நான் வேண்டாம், ரென்டல் ஹவுசிங் டிரிபியூனலுக்குப் போங்க, அங்க பணம் கட்ட வேண்டியதில்ல" என்று திருப்பி அனுப்பினார். வீட்டுக்காரர், குடியிருப்பவர் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு அது. உள்ளே வரும்போதே இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்த்துக் கையெழுத்திட்ட தாளும் படங்களும் என்னிடம் இருந்ததால் அங்கே சுலபமாக முடிந்தது. அப்படிப் பார்த்து எழுதி வைக்கச் சொன்னதும் அவர்தான்.

இப்போது ஆள் உள்ளே வரும் முன்பே ஒப்பந்தத்தை அவரிடம் காட்டிவிடுகிறேன். போன முறை ஏஜென்ட் கொடுத்த தாளில், பாக்கி வைத்தால் பூட்டை மாற்றும் உரிமை எனக்கு உண்டு என்று ஒரு பத்தி இருந்தது. அதைச் சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்.