வேலஸ் புத்தகம்: வெளிச்சம் மட்டும் அசல்

புத்தகம் கையில் இருந்தால் முதலில் படங்களை மட்டும் புரட்டிவிட்டு வாருங்கள். கீழே குட்டு உடைகிறது.

மேக்னம் என்ற புகைப்படக்காரர்கள் கூட்டமைப்பைச் சேர்ந்த நார்வே புகைப்படக்காரர் யோனஸ் பென்டிக்சனின் ‘தி புக் ஆஃப் வேலஸ்’ 2021-இல் கோஸ்ட் பதிப்பக வெளியீடாக வந்தது. 2016 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் பொய்ச்செய்தித் தளங்களை நடத்திப் பேர் வாங்கிய வடக்கு மாசிடோனிய ஊர்தான் வேலஸ். பார்வைக்குச் சாதாரண ஆவணப் புகைப்படப் புத்தகம். ஆனால் இதில் இருக்கும் ஒரு ஆள்கூட நிஜமில்லை. ஊருக்குள் திரியும் கரடிகளும்தான்.

2019, 2020 பயணங்களில் அவர் ஆளில்லாத அறைகளையும் தெருக்களையும்தான் எடுத்தார். கூடவே 360 டிகிரி கேமராவில் அந்தந்த இடத்தின் வெளிச்சத்தையும் பதிந்துகொண்டார். பிறகு படத்தைக் கணினியில் முப்பரிமாணமாக்கி, பொம்மை உருவங்களுக்குச் சட்டை மாட்டி உட்காரவைத்து, பதிந்த வெளிச்சத்தை அவற்றின்மேல் விழவைத்தார். சூட்சுமம் இங்கேதான். ஒட்டுவேலை பெரும்பாலும் முகத்தில் மாட்டுவதில்லை, நிழலில்தான் மாட்டும். ஜன்னல் இடப்பக்கம் இருக்க மூக்கின் நிழலும் இடப்பக்கமே சாய்ந்தால் கதை முடிந்தது. இதில் அந்தக் கணக்கு பிசகவில்லை. சந்தேகப்பட்டால் ஷூ தரையைத் தொடும் விளிம்பு, விரல் இடுக்கு, நெற்றியோர முடி ஆகிய மூன்றையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

புத்தகத்தில் உள்ள கட்டுரையும் ஜிபிடி-2 என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதியது, மேற்கோள்கள் உட்பட. அதை நிதானமாகப் படித்தால் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவது தெரியும். யார் நிதானமாகப் படிக்கிறார்கள்? தலைப்பிலும் ஒரு குறும்பு உண்டு. 1919-இல் கிடைத்ததாகச் சொல்லப்பட்டு, பின்னர் அறிஞர்கள் போலி என்று ஒதுக்கிய ‘பழைய’ ஸ்லாவிய நூலுக்கும் இதே பெயர்தான்.

பிரான்ஸின் பெர்பின்யான் புகைப்பட விழாவில் திரையிட்டபோது அத்தனை வல்லுநர்களில் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கடைசியில் பென்டிக்சனே சமூக வலைத்தளத்தில் போலிக் கணக்கு தொடங்கித் தன்மேல் புகார் சொல்ல வேண்டியிருந்தது.

தனித்தனியாக எடுத்தால் படங்கள் சுமார்தான். உண்மை தெரிந்தபின் இரண்டாம் வாசிப்பு வெறும் பிழைதேடலாகிவிடுகிறது. வேலஸ்காரர்கள் ஒரு வார்த்தைகூடப் பேசாததும் உறுத்துகிறது. வெளியார் சொன்னதை வைத்தே அறியப்பட்ட ஊருக்கு இங்கேயும் அதே கதிதான்.

வகுப்பில் காட்ட இதைவிடத் தோதான புத்தகம் கிடைப்பது கடினம். பெயரையும் பின்னணியையும் சொல்லாமல் ஒரு பக்கத்தைத் திறந்து, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேளுங்கள்.