யேட்ஸும் பெக்கெட்டும்: ஐரிஷ் நடப்பியலைத் தாண்டிய இரு வழிகள்

1904இல் டப்ளினில் தொடங்கப்பட்ட அபே அரங்கில், குடியானவர்களின் குடிசையையும் பேச்சையும் மேடையேற்றும் நடப்பியலே காலப்போக்கில் ஐரிஷ் நாடகத்தின் அடையாளமாக வேரூன்றியது. அதைத் தாண்டிச் சென்ற ஐரிஷ் எழுத்தாளர்களான டபிள்யூ. பி. யேட்ஸ், சாமுவேல் பெக்கெட் இருவரின் வழிகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை.

அபே அரங்கை நிறுவியவர்களுள் ஒருவரான யேட்ஸ், அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் வழியாக ‘நோ’ என்னும் ஜப்பானிய மரபு நாடகத்தை அறிந்து, முகமூடி, நடனம், இசை, ஏறக்குறைய வெறுமையான ஆடுகளம் ஆகியவற்றைக் கொண்டு ‘அட் த ஹாக்ஸ் வெல்’ நாடகத்தை அமைத்தார். 1916இல் லண்டன் வீடொன்றின் வரவேற்பறையில் அது நிகழ்ந்தது. வடிவம் அயலது; நாயகனோ ஐரிஷ் தொன்ம வீரன் கூஹூலின்.

பெக்கெட் தொன்மத்தையும் ஊரையும்கூடக் கைவிட்டார். பாரிஸில் வாழ்ந்த அவர், கோடோ என்னும், கடைசிவரை வராத ஒருவருக்காகக் காத்திருக்கும் இருவரின் நாடகமான ‘வெயிட்டிங் ஃபார் கோடோ’வை 1948–49இல் தாய்மொழியான ஆங்கிலத்தில் எழுதாமல் பிரெஞ்சில் எழுதினார். நடையலங்காரமின்றி எழுத அம்மொழி எளிது என்பது அவரே கூறிய காரணம். ஒரு பாதை, ஒரு மரம், மௌனப்படக் கோமாளிகளை நினைவூட்டும் இரு மனிதர்கள், நிலவை நோக்கி நிற்கும் இருவரைத் தீட்டிய ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் பிரீட்ரிஷின் தாக்கம் ஆகியவையே அதன் மூலப்பொருள்கள். பின்னாளில் தம் நாடகங்களைத் தாமே இயக்கியபோதும், அவர் வரிகளை வெட்டிச் செம்மைப்படுத்தினார்.

யேட்ஸின் துணிவு பெரிது. ஆயினும் அவர் விரும்பி நாடியது சிறிய, தேர்ந்த அவையையே. எனக்கு ஆழமாகப் படுவது பெக்கெட்டின் கழித்தல் முறைதான்: கோடோ நாடகத்துக்கு அவரே செய்த ஆங்கில மொழிபெயர்ப்பின் உரையாடல்களில், எந்த வர்ணனையும் இல்லாமலேயே, அயர்லாந்தின் பேச்சுத் தாளம் தெளிவாகக் கேட்கிறது.