ஜூஸர்: கழுவுகிறவள் பக்கத்திலிருந்து ஒரு விமர்சனம்

வெண்பூசணிச் சாறு மட்டும் குடிக்கிற வீட்டுக்கு ஜூஸரே வேண்டாம். மிக்ஸியில் இரண்டு சுற்று, வெள்ளைத் துணியில் ஒரு பிழி, வேலை முடிந்தது. கேரட், பீட்ரூட், கீரை என்று இறங்கும்போதுதான் தனியாக ஒன்று தேவைப்படுகிறது. எங்கள் வீட்டில் காலையில் அவருக்குக் கேரட்டும் பீட்ரூட்டும், மாமியாருக்கு வாழைத்தண்டு. வாங்கச் சொன்னவர்கள் அவர்கள், கழுவுவது நான்.

கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று, நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றிக் காயைத் துருவி, சாற்றை விசிறிப் பிரிப்பது. விலை குறைவு, கேரட்டுக்கு அதைக் குறை சொல்ல முடியாது. கீரையைப் போட்டால் பாதிச் சாறு சக்கையோடு போய்விடும், மேலே நுரை வேறு. மற்றது 'கோல்டு பிரஸ்'. தடித்த திருகு ஒன்று நிமிடத்துக்கு 50, 60 சுற்று மெதுவாகச் சுற்றி, காயைச் சல்லடையோடு சேர்த்து நெரிக்கும். நான் வாங்கியது இதைத்தான். சூடு ஏறாது, சத்து அழியாது என்று விற்பவர் பாடிய பாட்டைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செய்து காட்டியபோது வெளியே வந்த சக்கையைக் கையில் எடுத்துப் பிழிந்து பார்த்தேன். சொட்டு வரவில்லை. கொத்தமல்லியைத் தனியாகப் போடாமல் கேரட் துண்டுகளுக்கு நடுவே செருகினால், அதுவும் பச்சையாக இறங்குகிறது. சத்தமும் குறைவு, பக்கத்து அறையில் தூங்குகிறவர் விழிப்பதில்லை.

வாழைத்தண்டுதான் இதற்கு எமன். பொரியலுக்கு நறுக்குவதுபோல் விரலில் நாரைச் சுற்றி எடுத்துவிட்டுப் பொடியாகப் போட்டாலும், மிச்ச நார் திருகில் சுற்றிக்கொள்கிறது. மோட்டார் உறுமுகிறது, பின்பக்கமாகச் சுற்றும் பொத்தானை அழுத்தி விடுவிக்க வேண்டியிருக்கிறது. மாமியாருடைய தண்டு பழையபடி மிக்ஸிக்கே போய்விட்டது.

முழுக் காயையும் அப்படியே போடலாம் என்று அகன்ற வாய் உள்ளதற்குக் கூடுதல் விலை கேட்கிறார்கள். கேரட்டை நீளவாக்கில் பிளக்கச் சோம்பல் இல்லாதவர்களுக்கு அது வீண் செலவு.

இனி சல்லடை. குடித்துவிட்டுப் பிறகு கழுவலாம் என்று வைத்தால் கேரட் நார் கண்களில் சிமெண்டாக இறுகிவிடும். உடனே குழாயடியில் பிடித்து, கூடவே வரும் பிரஷால் உள்ளும் புறமும் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். படியும் ஆரஞ்சுக் கறை சோப்புக்கு அசையாது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டால் போகும். சக்கை வரும் வழியின் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கிறது, அதைப் பிதுக்கிக் கழுவாவிட்டால் மறுநாள் நாறும்.

நார் பெரும்பாலும் சக்கையில் போய்விடுவதால் எறிய மனம் வருவதில்லை. கேரட் சக்கை அடைமாவில் கலந்துவிடும். பீட்ரூட் சக்கையை வெங்காயத்தோடு வதக்கலாம். பொரியல் என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மோட்டாருக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பதை விற்பவரே சொல்லிவிடுவார். தினமும் பிரஷ் படுவது சல்லடை. அது தனியாகக் கிடைக்குமா, உங்கள் ஊரிலேயே கிடைக்குமா, என்ன விலை என்று பில் போடும் முன் கேளுங்கள். பதில் இழுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.